மூன்று பாட்டிகளும் ஒரு சமையல் நூலும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் இருக்கிறது ஜீயபுரம். ஆண்டுதோறும் பங்குனித் திருவிழாவின்போது திருவரங்கத்து நம்பெருமாள் அவ்வூருக்கு எழுந்தருளுகிறார். அதற்கு அப்பகுதி மக்கள் சொல்லும் காரணம் ஒரு பாட்டியின் கதை. மூதாட்டி ஒருத்திக்கு ரங்கன் என்று ஒரே பேரன். முகச்சவரம் செய்துகொள்ள ஆற்றங்கரைக்குப் போனவனை வெள்ளம் இழுத்துச் சென்றுவிடுகிறது. பாட்டியோ பழையதை எடுத்துவைத்து, "ரங்கா, ரங்கா" என்று கூப்பிட்டபடி காத்திருக்கிறாள். அந்தக் குரலைக் கேட்டு அரங்கனே பேரனின் உருவில் வந்து அமர்ந்து உண்கிறான். உண்மைப் பேரன் கரையேறி வீடு வந்து சேரும்போது, உண்டுகொண்டிருந்தவன் மறைந்துவிடுகிறான். அந்த நினைவாகவே இன்றும் அவ்விழாவில் பழைய சோறும் மாவடுவும் படைக்கப்படுகின்றன.

சமய எல்லைகளைக் கடந்து எவர் நெஞ்சையும் தொடும் கதை இது. எனினும் பல ஆண்டுகளாக இதைக் கேட்டுவந்த எனக்கு அண்மையில் ஓர் ஐயம் எழுந்தது. இக்கதையில் இரண்டு பேரன்கள் வருகிறார்கள். இருவரும் உண்ண வந்தவர்கள். மாசி, பங்குனியில் மட்டுமே கிடைக்கும் பிஞ்சு மாங்காயைக் காம்போடு பார்த்து எடுத்து, விளக்கெண்ணெய் தடவி, உப்பும் கடுகும் மஞ்சளும் மிளகாயும் சேர்த்து, நாள்தோறும் குலுக்கிவிட்டு, ஆண்டு முழுவதும் கெடாமல் காக்க அந்தக் கிழவி எங்கே கற்றாள் என்று அவர்களில் எவனும் கேட்கவில்லை. கதை சொன்னவர்களும் கேட்கவில்லை. பாட்டியின் அன்பு பதிவாயிற்று. பாட்டியின் அறிவு பதிவாகவில்லை.

இந்த ஐயம் என்னுள் எழக் காரணம் வெளியூரில் பணியாற்றும் என் மகள். ஒரு ஞாயிறு மாலை தொலைபேசியில் அவள் கேட்டாள்: "அப்பா, அப்பாயி அயிரை மீன் குழம்பு எப்படி வைப்பாங்க? உங்களுக்குத் தெரியுமா?" அவளுடைய அப்பாயி, அதாவது என் தாய், இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பாலக்கரை வீட்டில் அந்தக் குழம்பை நாற்பது ஆண்டுகள் உண்டவன் நான். உயிரோடு வாங்கிவந்த அயிரையைப் பால் கலந்த நீரில் விட்டு, மண்ணைக் கக்கவைத்து, பின்பு உப்பும் சாம்பலும் இட்டுச் சட்டியில் உரசுவார் என்பது வரை நினைவிருந்தது. அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியவில்லை. "நான் வாங்கிக் கொடுத்த 'சமைத்துப் பார்' உன்னிடம் இருக்கிறதே, அதில் பாரேன்" என்றேன். "அதுல மீனே கிடையாதுப்பா" என்றாள்.

அன்றிரவுதான் அந்த நூலை ஒரு திறனாய்வாளனின் கண்ணோடு முதன்முறையாகப் படித்தேன்.

கடிதங்களில் பிறந்த நூல்

எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' 1951இல் முதன்முதலாக வெளிவந்தது. பின்னர் மூன்று தொகுதிகளாக வளர்ந்து, ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு, தலைமுறைகளைத் தாண்டி இன்றும் அச்சில் இருக்கிறது. திருமணமாகிச் செல்லும் மகளின் பெட்டியில் நகையோடும் பட்டோடும் இந்நூலையும் வைத்து அனுப்பும் வழக்கம் தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் இருந்தது. இலக்கிய வரலாறுகளில் இதற்கு இடமில்லை. ஆனால் தமிழில் இந்த அளவுக்கு வாழ்ந்த உரைநடை நூல்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும்.

நூலின் தோற்றமே நம் பொருளுக்கு நெருக்கமானது. இளம் வயதிலேயே கணவரை இழந்த மீனாட்சி அம்மாள் சமையலில் தேர்ந்தவர். ஊர் விட்டு ஊர் சென்ற உறவினர்கள் இன்ன பண்டத்தை எப்படிச் செய்வது என்று கேட்டு அவருக்குக் கடிதம் எழுதுவார்கள். அவரும் சலிக்காமல் பதில் எழுதுவார். இவற்றை ஒரு நூலாகவே எழுதிவிடலாமே என்று ஊக்கியவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். ஆக, இந்நூலை உண்டாக்கியது இளையவர்களின் கேள்வி. கூட்டுக்குடும்பம் கலைந்து, மாமியாரும் அத்தையும் அருகில் இல்லாத அடுப்படியில் முதன்முதலாக நின்ற ஒரு தலைமுறை, அஞ்சல் வழியாகத் தன் மூத்தவர்களைத் தேடியது. அந்தத் தேடலுக்குக் கிடைத்த விடையே இந்நூல்.

எனவேதான் இதன் நடையில் அலங்காரம் இல்லை. சரக்குகளின் பட்டியல், அளவு, செய்முறை, அவ்வளவே. எதை முதலில் போடவேண்டும், எது நிறம் மாறும்வரை காத்திருக்கவேண்டும் என்று படிப்படியாகச் செல்கிறது. படிப்பவள் ஒன்றும் அறியாதவள் என்று ஆசிரியர் எண்ணிக்கொள்கிறார்; ஆனால் அவளை எங்கும் இழிவாக நடத்துவதில்லை. ஆசிரியப் பணியில் இருப்போர் இந்நூலிலிருந்து கற்கவேண்டிய முதல் பாடம் இதுவே.

நூலின் பெயரும் கருதத்தக்கது. 'சமையற்கலை' என்றோ 'பாக சாத்திரம்' என்றோ அவர் பெயரிடவில்லை. 'சமைத்துப் பார்' என்றார். ஏட்டைப் படித்து முடித்ததும் அறிவு கைக்கு வந்துவிடாது. செய்து பார்த்தபின்புதான் வரும் என்பதை அட்டையிலேயே அச்சிட்டுவிட்டார். தன் எல்லை எது என்பதைத் தன் பெயரிலேயே ஒப்புக்கொள்ளும் நூல் தமிழில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அளவும் பதமும்

அந்த எல்லை எங்கே இருக்கிறது? நம் அடுக்களை வழக்கில் 'அளவு' என்றும் 'பதம்' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. அளவை எழுதிவிடலாம். ஆழாக்கும் படியும் பலமும் போய்க் கிராமும் லிட்டரும் வந்தால் அவற்றை மாற்றியும் எழுதிவிடலாம். பதம் அப்படிப்பட்டதன்று. வெல்லப்பாகு உருட்டுப் பதத்துக்கு வந்துவிட்டதா என்று அறிய, ஒரு சொட்டை நீரில் விட்டு விரலால் திரட்டிப் பார்க்கிறார்கள். அப்படித் திரண்டு வரவேண்டும் என்று எழுதலாம். எந்த அளவுக்குத் திரளவேண்டும் என்பதை, அறிந்த விரல் ஒன்று அருகில் இருந்து, 'இன்னும் கொஞ்சம்' என்றோ 'இறக்கு' என்றோ சொல்லித்தான் கற்க முடியும்.

வாழைத்தோட்டங்கள் சூழ்ந்த நம் பகுதிக்கு வாழையைவிடப் பொருத்தமான சான்று வேண்டியதில்லை. காந்தி மார்க்கெட்டில் வாழைத்தண்டு வாங்கி வருகிறோம். வட்டமாக அரியும்போது ஒவ்வொரு வில்லைக்கும் இடையே நார் இழுபடுகிறது. என் தாய் அந்த நாரை இடக்கைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டே போவார். அரிந்து முடிக்கையில் விரலில் ஒரு வெள்ளை மோதிரம் இருக்கும். அரிந்த துண்டுகள் கறுக்காமலிருக்க மோர் கலந்த நீரில் விழும். வாழைப்பூவில் ஒவ்வொரு மடலாக நீக்கி, ஒவ்வொரு பூவிலிருந்தும் 'கள்ளன்' எனப்படும் நரம்பைக் கிள்ளி எறிய வேண்டும், அது வேகாது. ஒரு பூவை ஆய அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரத்தில்தான் வீட்டுச் சிறுவர்கள் அருகே அமர்ந்து ஊர்க் கதை, உறவு முறை, யார் வீட்டில் யார் நோயுற்றிருக்கிறார் என்ற செய்தி அனைத்தையும் கேட்டு வளர்ந்தார்கள். பள்ளிக்கூடம் என்று எவரும் பெயரிடாத பள்ளிக்கூடம் அது. இன்று ஆய்ந்த பூவைப் பொட்டலமாகவே வாங்கிவிடலாம். உழைப்பு மிச்சமாகிறது, வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய உதவி என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அரைமணி நேரத்தை வேறு எங்கே வைத்தோம் என்பதற்கு நம்மிடம் விடை இல்லை.

சமைப்பதில் தேர்ந்த நிலையைப் 'பக்குவம்' என்கிறோம். மனிதர் முதிர்ந்த நிலைக்கும் அதே சொல்லைத்தான் ஆள்கிறோம். இரண்டும் நெருப்பருகில் நின்று, பொறுத்து, நாள்பட வருபவை என்று நம் முன்னோர் கருதியிருக்க வேண்டும்.

பாட்டி இல்லாமல் கடல் கடந்த தானியம்

அறிவு முழுமையாகக் கைமாறாவிட்டால் என்ன நேரும்? சுவை குறையும், அவ்வளவுதானே என்று சிலர் எண்ணலாம். உலக வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

மக்காச்சோளத்தைத் தொன்றுதொட்டு உண்டுவந்த மெக்சிகோ மக்கள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவிய பின்னரே அரைப்பார்கள். ஐரோப்பியர் அந்தத் தானியத்தைக் கொண்டுபோனார்கள்; சுண்ணாம்பு நீரில் வேகவைக்கும் கிழவிகளின் முறையைக் கொண்டுபோகவில்லை. விளைவாக, அதையே முதன்மை உணவாக உண்ட ஸ்பெயின், வட இத்தாலி நாடுகளின் ஏழை உழவர்களை 18ஆம் நூற்றாண்டு முதல் 'பெல்லாக்ரா' என்ற நோய் பற்றிக்கொண்டது. தோல் வெடித்து, குடல் கெட்டு, மனம் பேதலித்து மாண்டவர்கள் பலர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அது பரவியது. தானியத்தில் உள்ள ஓர் உயிர்ச்சத்தைச் சுண்ணாம்பே உடலுக்குக் கிடைக்கச் செய்கிறது என்பது பின்னரே விளங்கியது. பெயர் தெரியாத பெண்களின் அடுப்படி வழக்கத்தில் அத்தனை உயிர்களின் பாதுகாப்பு அடங்கியிருந்தது.

பனி சூழ்ந்த வடகோடியிலும் இதே பாடம். அலாஸ்காவின் பழங்குடி மக்கள் மீன் தலை முதலியவற்றைப் புல் பரப்பிய குழிகளில் புளிக்கவைத்து உண்பார்கள். அண்மைக் காலத்தில் குழிக்குப் பதிலாக மூடிய பிளாஸ்டிக் வாளிகள் வந்தபோது, காற்றுப் புகாத அவற்றில் கொடிய நஞ்சு விளைந்து உயிர்களைப் பறித்தது. பண்டம் பழையதுதான், ஏன் குழி, ஏன் புல் என்ற அறிவு உடன் வரவில்லை.

அவர்களுக்கு அண்டை இனத்தவரான கனடா நாட்டு இன்யுவிட் மக்களின் நிலை நம் மனச்சான்றைத் தொடுவது. கடல்நாயும் கரிபு மானும் பனிக்கடல் மீனும் அவர்களது உணவு. வேட்டையாடி, அறுத்து, காயவைத்து, பகிர்ந்து உண்ணும் அறிவு முழுவதும் முதியோரிடமிருந்து வாய்வழியும் கைவழியும் வருவது. கடந்த நூற்றாண்டில் அவர்களின் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். மொழியோடு அந்த அறிவின் தொடர்ச்சியும் அறுந்தது. அப்பள்ளிகளில் பலவற்றை நடத்தியது நம் திருச்சபை. 2022ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இன்யுவிட் மண்ணின் தலைநகராகிய இக்காலுயிட்டுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார். இன்று அங்கே முதியோர் இளையோரைப் பனிவெளிக்கு அழைத்துச் சென்று மீண்டும் கற்பிக்கிறார்கள். அறுந்ததை முடிச்சுப் போடுவது எவ்வளவு கடினம் என்பதை அவர்கள் அறிவார்கள்.

நம் பிள்ளைகளை எவரும் பிடித்துச் செல்லவில்லை. நாமாகவே, 'அடுப்படிக்கு வராதே, போய்ப் படி' என்று சொல்லி அனுப்பினோம். நல்லெண்ணத்தோடுதான் சொன்னோம்.

கைமாறக் கூடாதது

இதுவரை எழுதியதைப் படிக்கும் வாசகர், பழையன அனைத்தும் பொன் என்று நான் வாதிடுவதாகக் கருதலாம். அப்படி வாதிட முடியாதபடி என்னைத் தடுப்பது இன்னொரு நூல். பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. அதிலும் ஒரு பாட்டி வருகிறாள். நிலக்கிழார் வீட்டில் நாளெல்லாம் உழைக்கும் அவள், முதல்நாள் மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் பெறத் தன் பாத்திரத்தை நீட்டுகிறாள். வீட்டுக்காரப் பெண் தன் பாத்திரம் அதன்மேல் பட்டுவிடாதபடி ஊற்றுகிறாள். பேத்திக்கு அது தாங்கவில்லை. பாட்டியோ சோறு போடுகிறவர்களைக் குறை சொல்லலாமா என்கிறாள்.

ஜீயபுரத்துப் பாட்டியின் பழையதையும் இந்தப் பாட்டியின் பாத்திரத்தில் விழுந்த பழையதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டும் முதல்நாள் சோறுதான். ஒன்று இறைவனை வரவழைத்தது. மற்றொன்று மனிதரை மனிதர் தள்ளிவைத்தது. உணவு மரபு என்று நாம் போற்றும் மூட்டையில் சுவையும் மருந்தும் மட்டும் இல்லை. யார் எங்கே உட்கார வேண்டும், யார் எதைத் தொடக்கூடாது என்பதும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. மூட்டையை அவிழ்க்காமல் அப்படியே பிள்ளைகள் கையில் கொடுப்பது அறமாகாது. ஒரே திருவிருந்தில் பங்குகொள்ளும் நாம் இதைப் பிறருக்கு முன் நம் வீடுகளில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த நோக்கில்தான் 'சமைத்துப் பார்' நூலின் குறையும் புலப்படுகிறது. அது ஒரு சமூகத்தாரின் சைவ அடுக்களையை எழுதிய நூல். தமிழகத்தின் சமையல் என்றே பலரும் அதை எடுத்துக்கொண்டார்கள். அயிரையும் விராலும் வயல் நண்டும் நத்தையும் கருவாடும் அதில் இல்லை. வயல் நண்டை இடித்து ரசம் வைத்துச் சளிக்குக் கொடுத்த பெண்களின் அறிவு எந்த ஏட்டிலும் ஏறாமல் போயிற்று. இதற்காக மீனாட்சி அம்மாளைக் குறைசொல்ல நான் முன்வரமாட்டேன். அவர் அறிந்ததை நேர்மையாக எழுதினார். மற்ற அடுக்களைகளில் படித்த பிள்ளைகளாக இருந்த நாம் எழுதவில்லை. எழுதத்தக்கது என்றே நமக்குத் தோன்றவில்லை. நம் உணவைப் பற்றிப் பிறர் முன் பேசக் கூசிய காலம் ஒன்று இருந்தது; அந்தக் கூச்சத்தில் நம் தாய்மாரின் அறிவைப் புதைத்தோம்.

அடைத்த கதவு திறந்துகொள்ளவும் மரபிலேயே வழி உண்டு என்பதற்குத் திருவரங்கமே சான்று. மண்பாண்டத்தில் தளிகை சமைக்கும் பழைய வழக்கத்தை விடாத அதே மடைப்பள்ளியில், அரங்கன்மேல் அன்பு வைத்தவளாகச் சொல்லப்படும் துலுக்க நாச்சியாரின் பொருட்டு ரொட்டியும் படைக்கப்படுகிறது. வேற்று மரபிலிருந்து வந்தவளுக்காகத் தன் உணவுப் பட்டியலில் ஒரு வரி கூட்டிக்கொண்டது அந்த அடுக்களை.

வாங்கியது இரண்டு, தருவது நான்கு

விடுதலைப் பயண நூலில் பாஸ்கா உணவைப் பற்றிய கட்டளை வருமிடத்தில் ஒரு நுட்பம் உண்டு. எப்படிச் சமைப்பது, எப்படி உண்பது என்று சொன்னதோடு அது நிற்கவில்லை. இதன் பொருள் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்கிறது. உணவு கைமாறப் பிள்ளையின் கேள்வியும் வேண்டும், பெரியவரின் விடையும் வேண்டும். மீனாட்சி அம்மாளுக்குக் கேள்விகள் கடிதங்களாக வந்தன, அவர் விடையளித்தார். என் தாயிடம் நான் கேட்கவே இல்லை.

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவை அறிந்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பார்கள். மறைந்துகொண்டிருந்த 170க்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை அவர் மீட்டார். விழாவுக்கு வரும் உழவருக்கு இரண்டு கிலோ விதை நெல் கொடுப்பார். மறு ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. 2018 டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். விதைகள் வயல்களில் இருக்கின்றன. களஞ்சியத்தில் பூட்டிவைத்திருந்தால் அவை என்றோ முளைப்புத் திறன் இழந்திருக்கும். சமையல் அறிவுக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஒருவரிடம் கற்றதை இருவருக்காவது கற்றுக்கொடுத்துவிட வேண்டும். அந்த இருவரில் ஒருவர் ஆணாக இருப்பது நலம்; மகள்களின் தலையில் மட்டும் ஏற்றிவைத்த சுமை போதும்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மகள் வந்திருந்தபோது, அவளையும் என் மகனையும் அழைத்துக்கொண்டு என் அக்காள் வீட்டுக்குப் போனேன். எழுபத்தெட்டு வயதான அக்காள்தான் எங்கள் தாயின் அடுப்படியில் கூட நின்றவர். அயிரை கிடைக்க இரண்டு நாள் அலைந்தோம். புளியை எவ்வளவு கரைப்பது என்று மகள் குறிப்பேட்டை எடுத்தபோது, "எழுதுறதை அப்புறம் எழுதும்மா, முதல்ல கையை விட்டுக் கரைச்சுப் பாரு" என்றார் அக்காள். அவர் 'சமைத்துப் பார்' நூலைப் படித்தவர் இல்லை.

குழம்பு என் தாயின் குழம்பைப் போல் இல்லை. எதையோ அக்காளும் மறந்திருந்தார். என்னவென்று கண்டுபிடிக்க எங்களிடம் யாரும் இல்லை. ஆனால் என் மகன் விரலில் இரண்டு நாள் அந்தப் புளி வாடை இருந்தது. வாசகர் இல்லத்தில் இன்னும் ஒரு முதிய கை இருக்குமானால், அடுத்த ஞாயிறு அதன் அருகே சற்று நேரம் நின்று கேளுங்கள். நான் கேட்கத் தவறியது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு.